குத்துவாளை மறந்துவிட்டு வந்த மாக்பெத்

வகுப்பில் 27 பேர். வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம், மொத்தம் 11 வாரம். அதற்குள் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தை 35 நிமிடத்துக்குச் சுருக்கி மேடையேற்ற வேண்டும். இடம் லண்டனின் ஓரத்தில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளி. மாணவர்கள் ஒன்பதாம் ஆண்டு, அதாவது 13, 14 வயது. நான் அங்கே நாடக ஆசிரியை இல்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற உதவி ஆசிரியை. அந்த வகுப்பில் அப்படி ஆறு பேர். அந்த 11 வாரத்தில் என்ன நடந்தது, எங்கே சொதப்பினோம், எது தேறியது என்பதைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்துத் தளபதி மாக்பெத், மனைவி தூண்ட, அரசனாகும் ஆசையில் மன்னனைக் கொல்கிற கதை அது. ஏன் மாக்பெத் என்றால், காரணம் ரொம்பச் சாதாரணம். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே சின்னது அதுதான், 2,100 வரி சொச்சம். ஹாம்லெட் கிட்டத்தட்ட 4,000 வரி. அப்புறம் சூனியக்காரிகள், கொலை, பேய், வெட்டிய தலை என்று 14 வயதுக்குப் பிடிக்கிற எல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரைத் தவிர்க்கவும் வழியில்லை. 11 முதல் 14 வயதுக்குள் இரண்டு நாடகம் படிக்க வேண்டும் என்பது தேசியப் பாடத்திட்டம். அப்புறம் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வில், இலக்கியத் தாளிலும் ஒன்று, அதுவும் புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது, மேற்கோள் எல்லாம் மனப்பாடம். அதனால் ஷேக்ஸ்பியர் என்ற பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் முகத்தில் பரீட்சைக் களை வந்துவிடும். நாடக வகுப்பிலும் அதே முகத்தோடுதான் வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் நான்கு வாரம்

வீணாகப் போனது. அதில் பெரும்பங்கு என்னுடையது.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கு நாலு வரி வாசித்து, கடினச் சொல்லுக்குப் பொருள் சொல்லி, ஓரத்தில் இன்றைய ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போனோம். இந்த வழியைப் பரிந்துரைத்தது நான்தான். பதவுரை, பொழிப்புரை, பிறகு வினா-விடை என்று ஊரில் கம்பராமாயணத்தைப் படித்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. நாடக ஆசிரியருக்கு அதில் அரை மனசுதான், ஆனாலும் என் ஆறு பேருக்காக ஒத்துக்கொண்டார்.

பொருள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதுதான் வேடிக்கை. இரண்டாவது வாரம் கொலைக்குப் பிந்தைய காட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது, வந்த தாள்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: 'மாக்பெத் குற்ற உணர்ச்சியில் தவிக்கிறான்'. தப்பில்லை, ஆனால் அதை எழுத நாடகத்தைப் படித்திருக்கவே வேண்டாம். நான்காவது வாரம் ஒரு பையன் கேட்டான்: "எல்லாம் புரியுது மிஸ். ஆனா குத்தியாச்சு, ஆள் செத்தாச்சு, அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் இவ்வளவு பேசறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. பொழிப்புரையில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாதே.

எந்தக் கத்தி?

ஐந்தாவது வாரம் நாற்காலிகளை ஓரம் கட்டினோம். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மன்னன் டங்கனைத் தூக்கத்தில் குத்திவிட்டு மாக்பெத் மனைவியிடம் வருகிறான். குத்துவாள்களுக்குப் பதில் கணித வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு மர ஸ்கேல், மேலே சமையலறை அலுமினியத் தாள் சுற்றியது. மாக்பெத்தாக நின்ற பையன் அவற்றைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்துவிட்டான்.

யாரும் கவனிக்கவில்லை. காரியத்தை முடித்துவிட்டேன் என்கிறான், சத்தம் கேட்டதா என்கிறான், 'ஆமென்' சொல்ல முடியாமல் தொண்டை அடைத்தது என்கிறான், இனித் தூக்கமே இல்லை என்று ஒரு குரல் கத்தியது என்கிறான். லேடி மாக்பெத் ஒவ்வொன்றையும் தட்டிக் கழித்துக்கொண்டே வந்து, "இந்தக் கத்திகளை ஏன் அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தாய்?" என்ற வரியில் நின்றாள். அவன் கையைப் பார்த்தாள். "எந்தக் கத்தி?"

வகுப்பே சிரித்தது. பையன் ஓடிப்போய் ஸ்கேல்களை எடுத்து வந்தான். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது, ஆனால் அந்தப் பெண் பிரதியை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் மேடைக்கு வந்ததிலிருந்து அவள் கத்தியைப் பற்றிக் கேட்கிற வரைக்கும் 30 வரிக்கு மேல் போகிறது. "கையில ரெண்டு கத்தி, முழுக்க ரத்தம். நான் எதிர்லயே நிக்கறேன். இவ்வளவு நேரம் எனக்குத் தெரியலையா? நான் என்ன குருடா?"

நாடக ஆசிரியர் அந்த மணி நேரத்துக்கான திட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். சரி, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று ஜோடி ஜோடியாகப் பிரித்து விட்டார். ஒரு ஜோடியில் மாக்பெத் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வேண்டுமென்றே ஒளிக்கிற திருடன் மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்றில் மேலங்கிக்குள் வைத்திருந்தான், அவள் கேட்டதும் உருவினான், மாயாஜாலக் காட்சி. மூன்றாவது ஜோடியில் லேடி மாக்பெத் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு, யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் அவன் பக்கம் திரும்பாமலேயே பதில் சொன்னாள். இது நன்றாக இருந்தது.

நான்காவது ஜோடிதான் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. அவர்கள் அதை இருட்டு என்று வைத்துக்கொண்டார்கள். அறையில் குழல்விளக்கு அத்தனையும் எரிகிறது, பார்க்கிற நமக்கு ஸ்கேல் இரண்டும் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் குரலை வைத்துத் தேடுகிறார்கள். "நீ பேசலையா?" "எப்போ?" "இப்போ." "இறங்கி வரும்போதா?" "ஆமா." அவள் கை அவன் தோளைத் தடவி, முழங்கைக்கு இறங்கி, மணிக்கட்டுக்கு வந்து, உலோகத்தில் பட்டு நின்றது. அப்போதுதான் அந்த வரி.

ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் அரங்கு திறந்தவெளி, நாடகம் பிற்பகல் வெளிச்சத்தில் நடக்கும் என்று நாடக ஆசிரியர் அதற்குப் பிறகுதான் சொன்னார். சைமன் ஃபோர்மன் என்பவர் 1611-ல் மாக்பெத்தை குளோபில் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அங்கே இரவு என்பது பட்டப்பகலில் நடிகர்கள் உடம்பாலும் வசனத்தாலும் உண்டாக்க வேண்டிய ஒன்று. எங்கள் நான்காவது ஜோடிக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார். இந்த நாடகத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மூலம் 1623-ல் வந்த 'முதல் ஃபோலியோ' என்ற ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பு மட்டும்தான். அதில் இந்த இடத்தில் இருப்பது 'மாக்பெத் வருகிறான்' என்ற குறிப்பு மட்டுமே. ரத்தம் தோய்ந்த கத்திகளோடு வருகிறான் என்பதெல்லாம் பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் சேர்த்தது. கத்தி அவன் கையில் இருக்கிறது என்பது அவள் கேட்கும்போதுதான் பிரதியில் வருகிறது.

வசனத்துக்குள் கட்டளை

அங்கிருந்து வேலையே மாறிவிட்டது. பொருள் எழுதுவதை நிறுத்திவிட்டு, பென்சிலோடு மறைந்திருக்கும் மேடைக் குறிப்புகளைத் தேடினார்கள். 'பார்க்கச் சகிக்கவில்லை' என்கிறானா, அப்படியென்றால் தன் கையைப் பார்க்கிறான். 'போய்த் தண்ணீர் எடுத்து இந்த அழுக்குச் சாட்சியைக் கழுவு' என்கிறாளா, அதுவரை அவன் கழுவவில்லை, அசையவும் இல்லை. துப்பறிகிற குஷி வந்துவிட்டது.

எண்ணிக்கையும் உள்ளே வந்தது. ஷேக்ஸ்பியரின் வழக்கமான வரி பத்து அசை, மெலிது-வலிது என்று ஐந்து முறை. நம் யாப்பில் நேர், நிரை பிரித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மேலே சொன்ன 'நீ பேசலையா, எப்போ, இப்போ, இறங்கி வரும்போதா' பேச்சில் ஒரே வரியை இரண்டு பேர் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொள்கிறார்கள். நடுவே இடைவெளி விட்டால் வரி செத்துவிடும். கைதட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தபோதுதான் அந்தப் படபடப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கே விளங்கியது.

சூனியக்காரிகள் பேசுவது வேறு தாளம். 'டபுள், டபுள், டாயில் அண்ட் ட்ரபுள்' என்று வலித்துத் தொடங்கும், வரியும் குட்டை. என் ஆறு பேரில் ஒரு பெண், இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். இந்தத் தாளத்தை எல்லோருக்கும் முன்னால் பிடித்தது அவள்தான். தொடையில் தட்டிக்கொண்டே சொன்னாள். அதற்குப் பொருள் தெரிய வேண்டியதில்லை. முதல் சூனியக்காரி அவள்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. (பொருள் சொல்லிச் சொல்லியே நான்கு வாரம் அவளை ஊமையாக உட்கார வைத்தவள் நான் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.)

27 பேருக்கும் வேடம் வேண்டுமே. அதனால் நான்கு மாக்பெத், மூன்று லேடி மாக்பெத். சிவப்புத் துண்டு யார் தோளில் மாறுகிறதோ அவர் மாக்பெத், பச்சைத் துண்டு அவளுக்கு. இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது, ஒரே வரியை மூன்று பேர் சொல்லிக் கேட்க முடிந்தது. கொலைக்கு முன் மாக்பெத் 'தோற்றுவிட்டால்?' என்கிறான். அவள் பதில் வெறும் இரண்டே சொல், 'நாமா தோற்பது'. அதை எப்படிச் சொல்வது? ஃபோலியோவில் அங்கே கேள்விக்குறி இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் பெரிய நடிகை சாரா சிடன்ஸ் அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததாகப் பதிவு உண்டு: ஏளனமான கேள்வியாக, வியப்பாக, கடைசியில் முற்றுப்புள்ளி வைத்த மாதிரி, 'தோற்றால் தோற்றோம், அவ்வளவுதான்' என்று. எங்கள் மூன்று பெண்களும் இதைக் கேட்பதற்கு முன்பே இரண்டு வகையைக் கண்டுபிடித்திருந்தார்கள். முற்றுப்புள்ளி மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்டதும் ஒருத்தி முயன்றாள். எனக்கு முதுகு சில்லென்றது.

மூன்று பெண்கள் என்று எழுதிவிட்டேன், உண்மையில் இரண்டு பெண், ஒரு பையன். லேடி மாக்பெத் தூக்கத்தில் நடந்தபடி, கையில் இல்லாத ரத்தத்தைக் கழுவுகிற காட்சியை அவன் கேட்டு வாங்கினான். கிண்டல் வரும் என்று நான் பயந்தேன். அந்தக் காலத்தில் எல்லாப் பெண் வேடமும் பையன்கள்தான் கட்டினார்கள் என்று ஆசிரியர் சொன்னதும் கிண்டல் பாதியில் நின்றது. நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியதையும் மாக்பெத்தை 'மகபதி' ஆக்கியதையும் சொன்னேன். 'மகபதி' என்ற பெயர் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், இரண்டு வாரம் ஒத்திகையில் மாக்பெத்தை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பையனுக்கு ஒரு சிக்கல். கையில் விளக்கு, அதே கையைக் கழுவ வேண்டும். ஒற்றைக் கையால் தேய்த்துப் பார்த்தான், பூனை முகம் கழுவுவது மாதிரி இருந்தது. கடைசியில் விளக்கைத் தரையில் வைத்துவிட்டான். 1785-ல் சிடன்ஸ் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் செய்ததும் இதுதான், அதற்கு முன் விளக்கைக் கீழே வைக்கிற வழக்கம் இல்லாததால் அரங்கின் மேலாளர் ஷெரிடன் வேண்டாம் என்று மன்றாடினார் என்று ஆசிரியர் சொன்னபோது, அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சிரிப்பு, தட்டல்

சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். மாக்பெத்தை எதிர்க்கும் பிரபு மாக்டஃப். அவருடைய சின்ன மகனைக் கொல்ல வருகிறவன் அவனை 'டேய் முட்டை!' என்று சொல்லிக் குத்துகிறான். நிஜமாகவே பிரதியில் அப்படித்தான் இருக்கிறது. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு. அந்தச் சொல்லை வெட்டிவிடலாம் என்றேன். ஆசிரியர் வேண்டாம் என்றார். முதல் நாள், பார்வையாளர்கள் ஏழாம் ஆண்டுப் பொடிசுகள். 'முட்டை'யில் தொடங்கிய சிரிப்பு குழந்தை சாகும்போதும் நிற்கவில்லை, தாய் அலறும்போது இன்னும் கூடியது. நடித்தவர்கள் மேடைக்குப் பின்னால் அழுதார்கள்.

அடுத்த நாள் பெற்றோருக்கான காட்சி. இடையில் 20 நிமிடம்தான் கிடைத்தது. ஒரே ஒரு மாற்றம் செய்தோம். 'முட்டை' என்றதும் எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், சிரிப்பு வந்து அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. பிறகுதான் குத்து. 'அம்மா, என்னைக் கொன்னுட்டான்' என்று பையன் சாதாரணமாக, பள்ளியிலிருந்து வந்து புகார் சொல்கிற குரலில் சொல்ல வேண்டும். சிரித்தவர்கள் தங்கள் சிரிப்பையே கேட்க நேர்ந்தது. பிறகு அரங்கில் இருமல்கூட இல்லை.

இந்தக் காட்சியில் இருக்கவே மாட்டேன் என்று முன்கூட்டியே சொன்ன பெண் ஒருத்தி உண்டு. காரணம் அவள் குடும்பத்து விஷயம், அதை இங்கே எழுத மாட்டேன். பிள்ளைகளைக் கொல்கிற காட்சியை வகுப்புக்குள் கொண்டுவரும்போது யார் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று முதலில் விசாரிக்காதது எங்கள் தவறு. ஏழாவது வாரம் அவள் சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்கு ஒலி வேலை கொடுத்தோம், அதாவது கதவு தட்டல்.

கொலை முடிந்ததும் வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஆங்கிலக் கட்டுரையாளர் தாமஸ் டி குவின்சி 1823-ல் இந்தத் தட்டலைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கொலைக்காக நின்றுபோன உலகம் மறுபடி மூச்சுவிடத் தொடங்குகிற சத்தம் அது என்பது அவர் பார்வை. இவள் அதெல்லாம் படிக்கவில்லை. துடைப்பக் கட்டையால் தீத்தடுப்புக் கதவின் பின்பக்கம் தட்டினாள். சீராகத் தட்டினால் யாரும் திரும்புவதில்லை, எதிர்பார்க்கிற நேரத்தில் தட்டாமல் அரை மூச்சு தள்ளித் தட்டினால் மாக்பெத்தே துள்ளுகிறான் என்று இரண்டு ஒத்திகையில் கண்டுபிடித்தாள். எப்போது தட்டுவாள் என்று நடிகர்களுக்குச் சொல்லவும் மறுத்துவிட்டாள்.

தட்டலுக்கு எழுந்து வருகிற வாயில் காவலன் எனக்குப் பழகிய ஆள். கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலைதான், கதைக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு பார்வையாளர்களை வம்புக்கு இழுப்பது. தன்னை நரகத்தின் காவல்காரனாகக் கற்பனை செய்துகொண்டு, உள்ளே வருகிறவர்களை ஒவ்வொருவராக வரவேற்கிறான். மூலத்தில் இருக்கும், நாடகம் எழுதிய 1606 வாக்கில் பேசப்பட்ட ஆட்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் தங்கள் நரகவாசிகளைப் போட்டார்கள். சார்ஜரைக் கடன் வாங்கித் திருப்பித் தராதவன், குழுவாகச் செய்த வேலையில் பெயர் மட்டும் போட்டுக்கொண்டவன். சிரிப்பு பிய்த்துக்கொண்டு போனது, இந்த முறை சரியான இடத்தில்.

கணக்கு

கடைசி வாரம் இரண்டாவது வாரத்துக் கேள்வியையே மறுபடி கொடுத்தோம். 'குற்ற உணர்ச்சி' என்ற சொல் இன்னும் இருந்தது, ஆனால் பக்கத்தில் வேறு விஷயங்களும் வந்திருந்தன: அவன் கையைப் பற்றி எழுதியிருந்தார்கள், அவள் எப்போது திரும்பிப் பார்க்கிறாள், யார் யார் வரியை வெட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன், நான்காவது வாரம் கேள்வி கேட்ட அதே பையன், 'பேச்சை நிறுத்தினால் கையைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் பேசுகிறார்கள்' என்று எழுதியிருந்தான்.

நஷ்டமும் உண்டு. டங்கனின் மகன் மால்கமும் மாக்டஃபும் இங்கிலாந்தில் சந்திக்கும் நீளமான காட்சியை முழுக்க வெட்டினோம். விளைவு, மால்கம் யார், அவன் ஏன் கடைசியில் அரசன் ஆகிறான் என்று பாதி வகுப்புக்குத் தெரியவில்லை. நாட்டைப் பற்றிய நாடகம் ஒரு தம்பதியின் கதையாகச் சுருங்கிவிட்டது. உண்மையான மாக்பெத் 1040 முதல் 1057 வரை 17 வருடம் ஆண்டான், டங்கன் கிழவனும் இல்லை, தூக்கத்தில் சாகவும் இல்லை என்று தெரிந்து சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியர் எழுதியபோது ஆண்ட முதலாம் ஜேம்ஸ் நாடகத்தில் மாக்பெத்தின் நண்பனாக வரும் பாங்க்வோவின் வம்சம் தான் என்று நம்பியவர் என்பதைச் சொல்ல நேரமே இருக்கவில்லை. என் சூனியக்காரி மேடையில் ஜொலித்தாள், எழுத்துத் தேர்வில் நாலு வரிக்கு மேல் எழுதவில்லை. அவளுக்கு வாய்மொழியாக மதிப்பெண் போட ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

பெற்றோர் பார்த்த நாளில் இன்னொரு சம்பவம். ரத்தத்தை நான்தான் காய்ச்சினேன்: கோல்டன் சிரப், சிவப்பு உணவுச் சாயம், நிறம் கறுக்கக் கொஞ்சம் கோகோ. ஒத்திகையில் ஒரு தடவைகூடப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. மேடை விளக்குச் சூட்டில் அது பாகு மாதிரி இறுகிவிட்டது. 'கொடு கத்திகளை' என்று லேடி மாக்பெத் கை நீட்டுகிறாள், அவனால் கொடுக்க முடியவில்லை, ஸ்கேல் இரண்டும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல். முன்வரிசையில் ஒரு தாத்தா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். என்ன அபாரமான இயக்கம் என்று பின்னால் இரண்டு பெற்றோர் நாடக ஆசிரியரிடம் வந்து பாராட்டினார்கள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஸ்கேல்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். சாயம் மரத்துக்குள் இறங்கியிருந்தது. 11 சென்டிமீட்டருக்கு மேல் கோடு எதுவும் தெரியவில்லை என்று கணித ஆசிரியர் இரண்டையும் என் மேசையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.